அடுக்களைப் பாடம்: உணவை வீணாக்காதே என்று நமக்குச் சொன்னவர்கள்

வள்ளுவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இலைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஓர் ஊசியும் வைக்கச் சொல்வாராம். வாசுகி அம்மையாரும் காரணம் கேட்காமல் வைத்து வந்தாராம். கடைசிக் காலத்தில்தான் "அது எதற்காக?" என்று கேட்டார். "ஒரு பருக்கை கீழே சிந்தினால் ஊசியால் எடுத்து, தண்ணீரில் அலசிச் சாப்பிடலாமே என்றுதான். நீ ஒரு நாளும் சிந்தவில்லை, ஊசிக்கு வேலையும் வரவில்லை" என்றாராம் வள்ளுவர்.

இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. இது செவிவழி வந்த கதைதான், வரலாற்று ஆதாரம் கிடையாது. ஆனால் ஒரு சமுதாயம் தன் பெரும்புலவரைப் பற்றி எந்த மாதிரிக் கதையைச் சொல்லிக்கொண்டது என்பதே ஒரு சான்றாகும். பெரும்பாலோர் இதை மனைவியின் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் வேறொன்றைக் கவனிக்கிறேன். அந்த ஊசி இருந்தது சமைத்தவர் கையில் அல்ல, சாப்பிடுகிறவர் பக்கத்தில்!

பிற்காலத்தில் இந்தப் பொறுப்பு முழுவதும் அடுக்களைக்குள் தள்ளப்பட்டது. உணவை வீணாக்காதே என்ற பாடத்தை நமக்கு யார், எந்தக் காலத்தில் சொன்னார்கள், அது எவ்வளவு நாள் நின்றது, வெளிமாநிலத்தில் குடியேறிய நம் வீடுகளில் அது என்ன ஆயிற்று என்பதை எனக்குத் தெரிந்த வரையில் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பஞ்சம் சொன்ன பாடம்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழைய தலைமுறையினர் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும்பஞ்சம் அது. நமக்கு அதிகம் தெரியாத செய்தி என்னவென்றால், அதே பஞ்சம் பூனா, சோலாப்பூர் உள்ளிட்ட தக்காணப் பகுதிகளையும் வாட்டியது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். 1870-இல் தொடங்கப்பட்ட பூனா சார்வஜனிக் சபை அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பஞ்ச நிலையைத் திரட்டி அரசுக்கு எழுதி அனுப்பியது. ஆக, சோற்றுப் பருக்கையைக் காலால் மிதிக்கக் கூடாது என்ற பயபக்தி நமக்கும் மராட்டிய அண்டைவீட்டாருக்கும் ஒரே துன்பத்தால் வலுப்பெற்றது என்று சொன்னால் மிகையாகாது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பஞ்சம் வீடுகளில் உணவு வீணானதால் வந்ததல்ல. மழை பொய்த்தது உண்மை. ஆனால் மக்கள் மடிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் தானியம் கப்பலேறி வெளிநாடு போய்க்கொண்டிருந்தது. 1943 வங்காளப் பஞ்சத்தைப் பற்றி அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய நூலும் இதையே வற்புறுத்துகிறது. தானியம் இல்லாமல் போனதைவிட, அதை வாங்கும் சக்தி ஏழைகளுக்கு இல்லாமல் போனதே பெருங்காரணம் என்பது அவர் வாதம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் பிள்ளைகளிடம் "எத்தனை பேர் பட்டினி கிடக்கிறாங்க, நீ மிச்சம் வைக்கிறியே" என்றுதான் சொல்லி வருகிறோம். என் பேரன் ஒரு நாள் திருப்பிக் கேட்டான்: "தாத்தா, நான் இதைச் சாப்பிட்டுட்டா அவங்க பசி போயிடுமா?" நியாயமான கேள்விதானே! போகாது. அப்படியானால் ஏன் வீணாக்கக் கூடாது? அவனுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமென்றால், பயமுறுத்திச் சொன்ன பாடத்தையும் விவரம் சொல்லிக் கற்பித்த பாடத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

குன்னூரும் வார்தாவும்

விவரத்தோடு கற்பித்தவர்களில் இரண்டு இடத்தாரை முதலில் சொல்ல வேண்டும்.

முதலாவது நீலகிரியிலுள்ள குன்னூர். சர் ராபர்ட் மக்காரிசன் அங்கே தொடங்கிய ஆய்வுகள் சத்துணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தன. (அந்தக் கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.) அவருக்குப் பின் 1935 முதல் 1945 வரை இயக்குநராக இருந்த அய்க்ராய்டு, 1937-இல் இந்திய உணவுப் பண்டங்களின் சத்து மதிப்பை அட்டவணை போட்டு ஒரு சிறு நூலாக வெளியிட்டார். எந்தக் கீரையில், எந்தப் பருப்பில் என்ன சத்து என்று விவரம் தந்த அந்நூல் பல பதிப்புகள் கண்டது. 1940-இல் அவரும் உடன் உழைத்தவர்களும் அரிசியைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆலையில் தீட்டும்போது தவிட்டோடும், களையும்போது கழுநீரோடும், வடிக்கும்போது கஞ்சியோடும் பி1 என்ற உயிர்ச்சத்து போய்விடுகிறது, புழுங்கலரிசியில் அந்தச் சத்து பெருமளவு தங்குகிறது என்பது அதன் சாரம்.

யோசித்துப் பாருங்கள். தட்டில் மிஞ்சியது மட்டும் வீண் அல்ல, கண்ணுக்குத் தெரியாமல் சாக்கடையில் ஓடுவதும் வீண்தான் என்று அன்றே கண்டுபிடித்துச் சொன்னார்கள். நம் பாட்டிமார்கள் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்ததும், கழுநீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றியதும் வெறும் கஞ்சத்தனம் அல்ல என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது இடம் நம் மகாராஷ்டிரத்திலேயே உள்ள வார்தா. அங்கே அந்தப் பணியை நடத்தியவர் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமை தருவது. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, லண்டனில் கணக்காயம் பயின்று, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்து, பம்பாயில் தொழில் நடத்தியவர். 1934-இல் காந்தியடிகள் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் செயலாளர் பொறுப்பை இவரிடம்தான் கொடுத்தார். மகன்வாடி என்ற வளாகத்தில் இருந்துகொண்டு கைக்குத்தல் அரிசி, முழுக்கோதுமை மாவு, வெல்லம், செக்கெண்ணெய் ஆகியவற்றுக்காகச் சங்கம் பாடுபட்டது. சத்தான தவிட்டை நீக்கி, வெள்ளையான அரிசியை அதிக விலைக்கு வாங்கும் பழக்கத்தை அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். கணக்காயர் என்பதால் குமரப்பாவுக்கு எல்லாவற்றிலும் வரவு செலவு பார்க்கும் கண் இருந்தது. இயற்கையிடமிருந்து எடுப்பதை இயற்கைக்கே திருப்பித் தராவிட்டால் எந்தப் பொருளாதாரமும் நிலைக்காது என்பது 1945-இல் அவர் எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய நூலின் அடிப்படை. அடுக்களைக் கழிவு எருவாகி மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்ற கொள்கையும் இதில் அடங்கியதே. 1960-இல் மதுரையில் காலமான இந்தப் பெரியவரை, மகாராஷ்டிரத்தில் வாழும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டாமா?

அரசு சொன்னதும் மக்கள் கேட்டதும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1943-இல் பம்பாயில் ரேஷன் வந்தது. தொடர்ந்து பல நகரங்களுக்கும் அது பரவியது. 1946-இல் மறுபடி தட்டுப்பாடு வந்தபோது காந்தியடிகள் விருந்துகளைக் குறையுங்கள், பூந்தோட்டங்களிலும் உணவுப்பயிர் போடுங்கள் என்று எழுதினார். அந்த ஆண்டுகளில் அவர் பூனாவில் இயற்கை வைத்திய நிலையத்தில் தங்கியதும், 1946 மார்ச்சில் பக்கத்திலுள்ள உருளிகாஞ்சனில் இயற்கை வைத்திய ஆசிரமம் தோன்றியதும் இவ்வூர்ப் பெரியவர்கள் அறிந்ததே.

1952-இல் சென்னை மாகாண முதலமைச்சரான ராஜாஜி உணவுக் கட்டுப்பாடுகளை நீக்கினார். மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் 1965-இல் வறட்சியும் போரும் சேர்ந்து வந்தன. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவைத் தியாகம் செய்யுங்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை இரவில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை, ஓட்டல்கள் பலவும் மூடப்பட்டன. அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் நம் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். கல்யாண விருந்தில் இத்தனை பேருக்கு மேல் சாப்பாடு போடக் கூடாது என்ற கட்டுப்பாட்டு ஆணைகளும் அக்காலத்தில் பல மாநிலங்களில் இருந்தன.

இவற்றில் எது நிலைத்தது? சாஸ்திரிஜியின் சொல்லுக்கு மக்கள் மனமாரக் கட்டுப்பட்டார்கள், ஏனென்றால் தம் வீட்டில் முதலில் கடைப்பிடித்துவிட்டே அவர் சொன்னார் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் 1966 ஜனவரியில் அவர் மறைந்தார். சில ஆண்டுகளில் பசுமைப்புரட்சி வந்தது, திங்கட்கிழமை விரதமும் மெல்ல மறைந்தது. கல்யாண ஆணைகளையோ, அமலில் இருந்தபோதே பலர் ஏய்த்தார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதை அல்ல. பிரிட்டனில் 1940-இல் உணவை வீணாக்குவதைச் சட்டப்படி குற்றமாக்கினார்கள். வானொலியில் தினமும் காலையில் சமையல் யோசனை சொன்னார்கள். 1954-இல் அங்கே ரேஷன் முழுவதும் நீங்கியது. அடுத்த தலைமுறை எல்லாவற்றையும் மறந்துவிட்டது. 2007-இல் மறுபடி முதலிலிருந்து ஒரு பிரசாரத்தை ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இம்முறை அச்சுறுத்தல் இல்லை. எவ்வளவு அரிசி போட்டால் எத்தனை பேருக்குக் காணும், ரொட்டியை எப்படிப் பாதுகாப்பது என்ற சின்னச் சின்ன விவரங்களையே சொல்லிக்கொடுத்தார்கள். 2007-க்கும் 2012-க்கும் இடையில் தவிர்க்கக்கூடிய வீட்டு உணவு வீணடிப்பு 21 சதவீதம் குறைந்ததாக அந்தப் பிரசாரத்தை நடத்திய அமைப்பு கணக்குக் காட்டியது.

இதிலிருந்து எனக்குப் புலப்படுவது இதுதான். தட்டுப்பாட்டைக் காட்டிச் சொன்ன பாடம் தட்டுப்பாட்டோடு போய்விடுகிறது. கைப்பழக்கமாக ஆன பாடமே தலைமுறை தாண்டி நிற்கிறது.

தாபோடிக்கு வந்த அடுக்களை

இந்தக் கைப்பழக்கம் நம் வீடுகளில் என்ன ஆயிற்று? என் தகப்பனார் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக ஊரை விட்டு வந்தவர். அவரைப் போலவே ராணுவப் பொறியியல் கல்லூரி, எஸ்.டி. பஸ் பணிமனை, பிம்பரி தொழிற்சாலைகள் என்று வேலை தேடி வந்த தமிழர்கள் தாபோடியிலும் சுற்றுப்புறங்களிலும் குடியேறினார்கள்.

ஊரில் ஓர் அடுக்களைக்குப் பின்னால் ஒரு சங்கிலியே இருந்தது. சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலை பழையது. அதன் நீர் நீராகாரம். கழுநீரும் காய்த் தோலும் மாட்டுக்கு. மாட்டுச் சாணம் எருக்குழிக்கு. எரு வயலுக்கு. வடிகஞ்சி வேட்டிக்கு மொடமொடப்பு ஏற்ற. பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு, பலாக்கொட்டை குழம்புக்கு, புளித்த மாவு பணியாரத்துக்கு. 'வீண்' என்ற சொல்லுக்கே அங்கே இடம் இல்லை. ஒரு கை விட்டதை இன்னொரு கை வாங்கிக்கொண்டது.

தாபோடியில் ஒற்றை அறை வீட்டில் மாடு ஏது, எருக்குழி ஏது? சங்கிலியின் பாதி வரும் வழியிலேயே அறுந்துவிட்டது. மீதியை அம்மா விடாமல் பிடித்துக்கொண்டாங்க. ரேஷனில் அரிசி கொஞ்சம், கோதுமையும் சோளமும் நிறைய. சப்பாத்தி மிஞ்சினால் என்ன செய்வதென்று நமக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு காகூதான் கற்றுக்கொடுத்தார்கள். மிஞ்சிய சப்பாத்தியைப் பிய்த்துப்போட்டு, கடுகு, வெங்காயம், மிளகாய் தாளித்துக் கிளறினால் போட்ணீச்சி போளி. மிஞ்சிய சோற்றை அதே மாதிரி தாளித்தால் போட்ணீச்சா பாத். பதிலுக்கு அம்மா அவர்களுக்கு இட்லி உப்புமாவும், சோற்று வடகமும் சொல்லிக்கொடுத்தாங்க. எந்த அரசாங்க ஆணையும் இல்லாமல், இரண்டு மொழிக்கார அம்மாக்கள் நடத்திய பள்ளிக்கூடம் அது!

1972-இல் மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி. நிவாரண வேலை செய்யும் இடங்களில் 'சுகடி' என்ற சத்துணவு கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மிலோ என்ற சோளத்தை வாங்கிச் சாப்பிட்ட நினைவு இன்றும் இவ்வூர் முதியவர்களுக்கு உண்டு. அந்தத் தலைமுறை பாக்ரித் துண்டைக்கூடத் தூக்கி எறியாது.

பிறகு வசதி வந்தது. ஃப்ரிட்ஜ் வந்தது. உணவைக் காப்பாற்ற வந்த பெட்டி, பல வீடுகளில் வீணாக்குவதை மூன்று நாள் தள்ளிப்போடும் பெட்டியாகிவிட்டது. பழையது சாப்பிட்டால் கௌரவக் குறைவு என்ற எண்ணம் வந்தது. விருந்தாளி "போதும்" என்று கையைக் குறுக்கே நீட்டினாலும் "அட, இன்னும் ஒரு கரண்டி" என்று போடும் நம் உபசாரம் மட்டும் குறையவில்லை!

கூடையில் போவது யார் கைக்கு?

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் கடைகள், உணவகங்கள், வீடுகளில் சுமார் 105 கோடி டன் உணவு வீணாயிற்று, அதில் 60 சதவீதம் வீடுகளில்தான் என்கிறது அது. உலகச் சராசரி ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. இந்திய வீடுகளில் 55 கிலோ. இதில் தோல், கொட்டை, எலும்பு போன்ற உண்ண முடியாதவையும் சேர்த்தி. ஆனாலும் நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 220 கிலோ, தினம் சுமார் 600 கிராம் ஆகிறது. ஓட்டலையும் கல்யாண மண்டபத்தையும் குறை சொல்லும் நமக்கு இது ஒரு சிந்தனை.

புனேயில் இந்தக் குப்பையைக் கையால் பிரித்துப் பிழைக்கும் மக்கள் 1993-இல் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற சங்கத்தை அமைத்தார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் சங்கம் என்பது பொருள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள். இவர்களில் பலருடைய குடும்பங்கள் 1972 வறட்சியில் மராட்வாடாவை விட்டு வந்தவை. அந்தச் சங்கத்திலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு 2008-இல் புனே மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து வீடு வீடாகக் குப்பை வாங்கத் தொடங்கியது. நாடு முழுவதுக்குமான 2016-ஆம் ஆண்டு விதிகள் ஈரக்குப்பை, உலர்குப்பை, அபாயக்குப்பை என்று வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்றன.

இதில் உள்ள கொடுமையைப் பாருங்கள். சோறு இல்லாமல் ஊரை விட்டு வந்தவர்களின் கைகள், நாம் வீசிய ஊசிப்போன சோற்றைக் காகிதத்திலிருந்து பிரிக்கின்றன. குழம்பு ஊறிய காகிதத்துக்கு விலை கிடையாது, அன்றைய கூலி போய்விடுகிறது. பிரிக்கப்படாமல் கிடங்குக்குப் போகும் உணவு அழுகி மீத்தேன் வாயுவைக் கக்குகிறது. அதன் நாற்றத்தை அனுபவிப்பவர்கள் கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள். உருளி தேவாச்சி, புர்சுங்கி மக்கள் புனேயின் குப்பையை எதிர்த்துப் பலமுறை போராடியதன் காரணம் அதுதான்.

பேரனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இங்கேதான் கிடைக்கிறது. நீ சாப்பிட்டால் எங்கோ இருப்பவர் பசி தீராது, உண்மை. ஆனால் நீ மிச்சம் வைத்தால் நாளைக் காலை நம் வாசலுக்கு வரும் அம்மாவின் கைக்குத்தான் அது போகிறது. ஒரு கிலோ நெல் விளைய வயலுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டியிருக்கிறது என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரின் கணக்கு. காவிரித் தண்ணீருக்காக ஏங்கும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். அந்தத் தண்ணீரும் அந்த உழைப்பும் சேர்ந்துதான் கூடைக்குப் போகிறது. இதைச் சொன்னபோது அவனுக்குப் புரிந்தது. அடுத்த கேள்வியும் வந்தது: "அப்போ எனக்குக் கொஞ்சமா போடச் சொல்லுங்க." சரிதானே!

நாம் செய்யக்கூடியது

கோவையில் 2014-இல் இளைஞர்கள் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் கல்யாணங்களில் மிஞ்சியதைப் பசித்தவர்களிடம் சேர்க்கின்றன. போற்ற வேண்டிய தொண்டு. ஆனால் வீட்டில் மிஞ்சும் ஒரு கிண்ணம் சாம்பாருக்காக யாரும் வண்டி அனுப்ப முடியாது. அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் சங்கக் குடும்பங்களுக்கு என் பணிவான வேண்டுகோள் சில. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், வீட்டில் கொட்டிய உணவு என்ன, ஏன் என்று பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அளவு தவறிச் சமைத்ததா, ஃப்ரிட்ஜில் மறந்ததா, தட்டில் வைத்ததா என்று தெரிந்துவிடும். குமரப்பா செய்ததும் இதைத்தான், முதலில் கணக்கு, பிறகு யோசனை. காய் வாங்கக் கிளம்புமுன் ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். மிஞ்சிய சோற்றைச் சூடு ஆறியதும் காலம் தாழ்த்தாமல் உள்ளே வையுங்கள். தோலும் காம்பும் பால்கனித் தொட்டியில் எருவாகட்டும். அறுந்த சங்கிலியில் ஒரு கண்ணியாவது அப்படித் திரும்பச் சேரும்.

சங்கத்தின் பொங்கல் பந்தியிலும் ஒரு மாற்றம் கொண்டுவரலாம். கரண்டியைச் சிறிதாக்கி, கேட்டுக் கேட்டுப் பரிமாறுவோம். பந்தி முடிந்ததும் இலையில் மிஞ்சியதை எடை போட்டு மேடையில் அறிவிப்போம், யாரையும் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அந்த எடை குறைந்ததா என்று பார்ப்போம். பரிமாறுவதையும் எடை போடுவதையும் ஆண்பிள்ளைகளிடம் விடுவது நல்லது. இத்தனை காலம் இந்தப் பாடத்தைப் பெண்கள் மட்டுமே படித்து, பெண்கள் மட்டுமே பரீட்சை எழுதியிருக்கிறார்கள். சாப்பிடுகிறவர்களும் இனி வகுப்பில் உட்காரட்டும்.